விற்பனை வரி கண்ட இராஜாஜி

சோழ மன்னருள் முதற் குலோத்துங்கனுக்குச் சுங்கந் தவிர்த்த சோழன் என்று ஒரு பெயர் உண்டு. வணிகர்பால் தண்டிய சுங்கத்தை அவன் நீக்கியமை பற்றி வந்த அப்பெயர் இன்றளவும் நிலைபெற்றிருக்கின்றது. வரியை நீக்கினவனை வாழ்த்துவதற்கு எவரும் கற்றுத்தர வேண்டுவதில்லை. வரியை விதித்தவனை அறிந்துகொள்வதற்கோ சிறிது பொறுமை வேண்டும். இத்திங்கள் யாம் எழுதப் புகுந்தது வரி விதித்த ஒருவரது வரலாறேயாகும். அவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். நாட்டு மக்கள் இராஜாஜி என்று அழைத்த பெருமகனார்.

அவர் நம் மரபிற் பிறந்தவர் அல்லர். தராசு பிடித்தவரும் அல்லர். அவர் வரலாறு நம் சங்க இதழுக்கு எற்றுக்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். கடை வைத்துப் பிழைக்கும் நம்மவரது பேரேட்டில் 1939-ஆம் ஆண்டில் ஒரு புதிய பத்தியை வரையச் செய்தவர் அவரே. அப்பத்தி பின்னர் இரண்டாயிற்று, மூன்றுமாயிற்று. இன்று நம் பிள்ளைகளின் கணிப்பொறித் திரையிலும் அது நிற்கின்றது. ஜி.எஸ்.டி. ஒரே பட்டியலில் இரண்டாகப் பகுத்து எழுதப்படுவது ஏன் என்று வணிகர் வீட்டு மாணவரை யாம் வகுப்பில் வினவியதுண்டு. விடை கூறினார் ஒருவரும் இலர். அக்குறை நோக்கியே இவ்வரலாற்றை எழுதலானோம்.

பிறப்பும் தொண்டும்

இராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் அந்நாளிற் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. தந்தையார் கிராம முன்சீப்பு. குடிகளிடம் நிலவரி தண்டிச் சர்க்காருக்குச் செலுத்துதல் அப்பதவிக்குரிய கடமை. ஆதலின் வரி என்பது குடியானவன் வாயிலில் எவ்வாறு வந்து நிற்கும் என்பதை இளமையிலேயே காணும் வாய்ப்பு அவர்க்கிருந்தது எனலாம். பெங்களூரிலும் சென்னையிலும் கற்றுச் சட்டத்தில் தேர்ந்து, 1900-ஆம் ஆண்டிற் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். தொழில் செழித்தது. 1917-இல் சேலம் நகரசபைத் தலைவருமானார்.

பின்னர்க் காந்தியடிகளைச் சார்ந்து, ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது வருவாய் மிக்க அத்தொழிலைக் கைவிட்டார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்திற் காந்தி ஆசிரமம் அமைத்து, கதர்த்தொண்டும் மதுவிலக்குத் தொண்டும் ஆற்றினார். மதுவிலக்கின் பொருட்டே விமோசனம் என்னும் இதழையும் நடத்தினார். கல்கி அவர்கள் அப்பணியில் அவர்க்குத் துணை நின்றார். வாரக்கூலி பெற்ற உழைப்பாளி வீடு சேருமுன்னரே கள்ளுக்கடையில் அதனை இழந்து வெறுங்கையோடு திரும்பும் காட்சியை அவர் நாள்தோறும் கண்டார். அக்காட்சியே பின்னாளில் அவர் ஆட்சியை நடத்திற்று என்பது எம் கருத்து.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர் ஏறத்தாழ நூற்றுவரோடு வேதாரணியம் நோக்கி நடந்து, அத்திங்களின் இறுதியிற் சட்டத்தை மீறி உப்பெடுத்துச் சிறை புகுந்தார். ஒரு வரியை எதிர்த்துச் சிறை சென்ற அவரே, பத்தாண்டு கழியுமுன் மற்றொரு வரியைத் தம் கையால் விதிக்க நேர்ந்தது. இவ்விரண்டும் தம்முள் முரணுமோ என்பதே இவ்வரலாற்றில் நாம் ஆராயத்தக்கது.

வருவாய் இழந்த அரசு

1937-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானார். நிதித்துறையையும் தாமே வைத்துக்கொண்டார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிற் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர்ச் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு ஆகிய ஜில்லாக்களுக்கும் பரவியது.

அந்நாளில் மாகாண அரசின் வருவாயில் ஏறத்தாழக் காற்பங்கு கள்ளாலும் சாராயத்தாலும் வந்தது. கடைகளை மூட மூட அவ்வருவாய் குறைந்தது. பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதைகளுக்கும் பொருள் வேண்டுமே! நிலவரியை உயர்த்தலாமோ எனின், விலைவீழ்ச்சியால் நொந்த உழவர்க்குக் கடன் நிவாரணச் சட்டம் 1938-இல் இயற்றிய கை அதனைச் செய்தல் ஆகாது. வருமான வரியும் இறக்குமதிச் சுங்கமும் இந்திய அரசுக்கு உரியன. எஞ்சியிருந்த வாயில் ஒன்றே. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் அதிகாரங்களை நடுவணது என்றும் மாகாணத்தது என்றும் பகுத்தபோது, பண்டங்களின் விற்பனைமேல் வரி விதிக்கும் உரிமையை மாகாணங்களுக்கு அளித்திருந்தது. அளித்தும், எல்லாப் பண்டங்களுக்கும் பொதுவான விற்பனை வரியை எம்மாகாணமும் அதுகாறும் விதித்திலது. இராஜாஜி அவ்வாயிலைத் திறந்தார். 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது ஆகும்.

அரை ரூபாய் வரி

அச்சட்டம் எளியது. ஓராண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்குக் குறைந்த சிறு வணிகனுக்கு வரி இல்லை. 10,000 முதல் 20,000 வரை விற்றவன் திங்கள்தோறும் 5 ரூபாய் செலுத்தினாற் போதும். 20,000-க்கு மேற்பட்டால் நூற்றுக்கு அரை ரூபாய், அஃதாவது எட்டணா. 40,000 ரூபாய்க்கு விற்றவன் ஆண்டுக்கு 200 ரூபாய் செலுத்துவான் என்க. கைத்தறித் துணியை மட்டுமே விற்போர் போன்ற சிலர்க்கு விலக்கும் இருந்தது.

அளவு சிறிதாயினும் வணிகர் அதனை எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பிற் பொருளில்லை என்று கூறுதல் முறையன்று. முதலாவது, அது பலமுனை வரி. ஒரு பண்டம் மொத்த வணிகனிடமிருந்து இடைவணிகனுக்கும், அவனிடமிருந்து சில்லறைக் கடைக்கும், கடையிலிருந்து வாங்குவோனுக்கும் கைமாறுங்கால் மூன்று முறை அரை ரூபாய் விழும். நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் ஆகும். விற்போன் மூன்றாமவனாயின் முன்னிருவர் செலுத்தியதன்மேலும் அவன் வரி செலுத்துவான். இரண்டாவது, கணக்கு. வருமான வரிக்கு உட்படாத நடுத்தர வணிகன் தன் பேரேட்டை உடன்பிறந்தானுக்கும் காட்டாத காலம் அது. நாள்வழிச் சிட்டையையும் பேரேட்டையும் முன்பின் அறியாத அதிகாரி முன் விரித்து வைத்தலை நம் முன்னோர் மானக்கேடாகவே கருதினர்.

இராஜாஜி பின்வாங்கினாரல்லர். ஏழை ஒருவனின் கூலி முழுவதும் ஓரிடத்தில் உறிஞ்சப்படுவதினும், பொருள் வாங்குவோர் பலரிடமிருந்து சிறிது சிறிதாக வருதல் நன்று என்பது அவர் கொள்கை. உப்பு வரியோ, கஞ்சிக்கு உப்பிடுவானையும் விடாது பற்றியது. தான் தேர்ந்த ஆட்சி ஒன்று இல்லாத மக்கள்மேல் அயலார் விதித்தது. விற்பனை வரி மக்கள் பிரதிநிதிகளின் சபையிற் சொல்லாடி விதித்தது. கள்ளுக்கடையை மூடுதற்கென விதித்தது. இவ்வேறுபாட்டை உணர்ந்தார்க்கு வேதாரணியத்து இராஜாஜியும் கோட்டையில் இருந்த இராஜாஜியும் இருவராகத் தோன்றார்.

ஆயினும் அவரைக் குறையற்றவராக வரைதல் எம் நோக்கமன்று. அவ்வாட்சியிலேயே பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கித் தமிழ் மக்களின் சினத்திற்கு ஆளானார். தமிழ் கற்பிக்கும் எம்மால் அதனை மறத்தல் இயலாது. விற்பனை வரி தண்டத் தொடங்கிய அதே 1939-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் இறுதியில், போரிற் காங்கிரசின் ஒப்புதலின்றி இந்தியாவைப் புகுத்தியமை பற்றி அவர் அமைச்சரவை பதவி துறந்தது. ஆட்சி போயிற்று, வரி நின்றது.

செக்கிற்கா, படிக்கா?

மாகாணம் ஒரு வரி விதித்தால் நடுவணரசு வாளா இருக்குமோ? இராஜாஜியின் சட்டம் பிறக்குமுன்னரே வழக்குப் பிறந்துவிட்டது. மத்திய மாகாணமும் பேராரும் சேர்ந்த அரசு 1938-இல் பெட்ரோல் விற்பனைக்கு வரி விதிக்க, அஃது உற்பத்தி வரியேயாம், உற்பத்தி வரியோ தனக்குரியது என்று இந்திய அரசு வாதிட்டது. சர் மாரிஸ் குவயர் தலைமையில் இருந்த பெடரல் கோர்ட்டு, சில்லறை விற்பனையின்மேல் வரி விதித்தல் மாகாணத்தின் உரிமையே என்று கருத்துரைத்தது. அக்கருத்து இராஜாஜிக்கு வழி திறந்தது.

அடுத்த வழக்கு நம்மில் எண்ணெய் வாணிபம் செய்வார்க்கு மிகவும் அணியது. வேர்க்கடலை எண்ணெயும் பிண்ணாக்கும் செய்து விற்ற போட்டு பைடன்னா நிறுவனத்தார், தாமே செய்த பண்டத்தைத் தாமே முதன்முறை விற்குங்கால் இடும் வரி உற்பத்தி வரியாகாதோ என்று வழக்கிட்டனர். 1942-இற் பெடரல் கோர்ட்டு சென்னை மாகாணத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1945-இல் இலண்டன் பிரிவி கௌன்சிலும் மற்றொரு வழக்கில் அதனையே உறுதிசெய்தது. அத்தீர்ப்பின் கருத்தை நம் தொழில்கொண்டு விளக்குவோம். செக்கிலிருந்து எண்ணெய் வடிந்தவுடன் பற்றுவது உற்பத்தி வரி. அவ்வெண்ணெய் விற்றாலும் விற்காவிட்டாலும் அது பற்றும். வாங்குவோனுக்குப் படியில் அளந்து ஊற்றும்போது பற்றுவது விற்பனை வரி. விற்காத எண்ணெய்க்கு அஃதில்லை. எண்ணெய் ஒன்றே, வாணிகன் ஒருவனே, நிகழ்ச்சி இரண்டு, ஆதலின் வரியுரிமை உடையாரும் இருவர். நடுவணரசு ஒரு கையும் மாநிலம் மறு கையும் நீட்டுவதன் தொடக்கம் இங்கேயுள்ளது. நம் மாணவர் விடை கூறமாட்டாது நின்ற வினாவிற்கு வேரும் இதுவே.

இரு கணக்கு எழுதிய காலம்

இராஜாஜி 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தார். 1952-இற் சென்னை மாநில முதலமைச்சராக மீண்டு, உணவுத் தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். அடைபட்டிருந்த தானிய வாணிபம் மீண்டும் நடந்தது. பின் தொடக்கப் பள்ளிகளுக்கு அவர் வகுத்த புதிய கல்வித் திட்டம் பெரும் எதிர்ப்பை விளைக்க, 1954-இற் பதவி நீங்கினார்.

அவ்விடைக்காலத்தில் அவர் நட்ட வரி நாடெங்கும் பரவியிருந்தது. மாகாணந்தோறும் ஒரு சட்டம். சட்டந்தோறும் ஒரு வீதம். ஒரு மாநிலத்து வணிகன் மற்றொரு மாநிலத்திற்குச் சரக்கனுப்பினால் வரி யார்க்குரியது என்னும் வினா எழுந்தது. 1953-இல் உச்சநீதிமன்றம் பம்பாய் யுனைடெட் மோட்டார்ஸ் வழக்கில், சரக்கு சென்று சேர்ந்து நுகரப்படும் மாநிலம் வரி விதிக்கலாம் என்றது. அதன் பயனாக, தான் கண்டும் அறியாத மாநிலங்களின் அதிகாரிகளுக்கும் வணிகன் கணக்குக் காட்டும் நிலை வந்தது.

புறநானூற்றிற் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குக் கூறிய யானை உவமையை நம் பிள்ளைகள் பாடத்திற் படித்திருப்பர். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பன்னாள் உதவும்; யானை தானே வயலிற் புகின், தின்பதைக் காட்டிலும் மிதித்தழிப்பது மிகும் என்பது அதன் கருத்து. வணிகனுக்கு நேர்ந்த துன்பமும் அத்தகையதே. வரியின் அளவால் அவன் நொந்தது சிறிது. பல தலைவர்க்கு விடை கூற நேர்ந்து நொந்ததே பெரிது.

1955-இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் உச்சநீதிமன்றம் தன் முன்னைக் கருத்தை மாற்றிக்கொண்டது. 1956-இல் அரசியலமைப்பு ஆறாம் முறையாகத் திருத்தப்பட்டு, மத்திய விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஜூலை முதல் மாநிலம் கடந்த விற்பனைக்கு வீதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். வாங்குவோனும் பதிவுபெற்ற வணிகனாக இருத்தல் வேண்டும். அவ்வீதம் 1963-இல் இரண்டும், 1966-இல் மூன்றும், 1975-இல் நான்கும் ஆயிற்று. மீண்டும் இறங்கி 2008-இல் இரண்டாயிற்று. பெயரில் அது மத்திய வரி. தண்டியதும் வைத்துக்கொண்டதும் சரக்குப் புறப்பட்ட மாநிலமே.

கடைக்காரர் இதனை எவ்வாறு கையாண்டனர் என்பது நம்மிற் பெரியோர் அறிவர். பட்டியலின் தலைப்பில் மாநிலப் பதிவெண் ஒன்று, மத்தியப் பதிவெண் ஒன்று. உள்ளூர் விற்பனைக்கு ஒரு பத்தி, வெளிமாநில விற்பனைக்கு ஒரு பத்தி. வெளிமாநிலத்தில் வாங்கியவன் சி-படிவம் அனுப்பினால் குறைந்த வீதம். அனுப்பாவிடின் மிகுந்த வீதம். எம் தாய்மாமனார் எண்ணெய் வாணிபம் செய்தவர். அண்டை மாநிலத்து வணிகர் ஒருவர்க்கு நம்பிக்கையாற் குறைந்த வீதத்திற் பட்டியலிட்டு அனுப்பினார். படிவம் வரவில்லை. கடிதம் பல எழுதினார். ஒருமுறை நேரிலும் சென்று வந்தார். கணக்கு முடிக்கும் ஆண்டில் வேறுபட்ட வரி முழுவதும் தம் கைப்பொருளிலிருந்து செலுத்தினார். அவ்விற்பனையில் அவர் பெற்ற இலாபம் அவ்வரிக்குப் போதவில்லை. பேரேட்டை மூடிவிட்டு அன்றிரவு உண்ணாது படுத்தவரை யாம் சிறுவயதிற் கண்டதுண்டு. அரை ரூபாய் வரி கண்ட இராஜாஜி இத்துணைச் சிக்கலை எண்ணியிருப்பாரல்லர்.

இறுதி வேண்டுகோள்

முதுமையிலும் அவர் ஓய்ந்தாரல்லர். வணிகன் ஒவ்வொன்றிற்கும் அரசிடம் உரிமம் வேண்டி நிற்கும் முறையை எதிர்த்து, 1959-இல், தம் எண்பதாம் அகவையில், சுதந்திரக் கட்சியைத் தோற்றுவித்தார். வரி செலுத்துதல் வேறு; அரசின் கையெழுத்திற்குக் காத்துக் கிடத்தல் வேறு என்னும் தெளிவு அவர்க்கிருந்தது. 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்படவிருந்தபோது, தொண்ணூற்றிரண்டு அகவையினரான அவர் முதலமைச்சர் மு. கருணாநிதி அவர்களை நேரிற் கண்டு அதனைக் கைவிடுமாறு வேண்டினார். வேண்டுகோள் பயன்படவில்லை. 1972 டிசம்பர் 25-இல் இராஜாஜி இயற்கை எய்தினார்.

இன்றைய பேரேடு

2017 ஜூலை முதல் நாளில் ஜி.எஸ்.டி. வந்து, உற்பத்தி வரியையும் விற்பனை வரியையும் பெரும்பாலும் தன்னுள் அடக்கிக்கொண்டது. செக்கிற்கு ஒன்றும் படிக்கு ஒன்றும் என்ற பழைய பிரிவு நீங்கி, ஒரே விற்பனையின்மேல் இரண்டு அரசுகளும் வரி பெறுகின்றன. 1,000 ரூபாய்க் கடலை எண்ணெயை மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு விற்றால், நூற்றுக்கு 5 வீதத்தில் மத்திய ஜி.எஸ்.டி. 25 ரூபாய், மாநில ஜி.எஸ்.டி. 25 ரூபாய். அதனையே பெங்களூருக்கு விற்றால் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. 50 ரூபாய், நடுவணரசு அதனைப் பெற்று, சரக்குச் சென்ற மாநிலத்தின் பங்கை அம்மாநிலத்திற்கு அளிக்கும். கொள்முதலிற் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளலாம் ஆதலின், வரிமேல் வரி என்று 1939-இல் எழுந்த முறையீடு பெரிதும் தீர்ந்தது. ஆயினும் மத்தியப் பத்தியில் மிஞ்சியதை மாநிலப் பத்திக்கு ஈடுசெய்தல் கூடாது. மாநிலத்தில் மிஞ்சியதை மத்தியத்திற்கும் கூடாது. இளைஞர் கணக்கிற் பிழை செய்வது பெரும்பாலும் இவ்விடத்திலேயே ஆதலின் இதனை வற்புறுத்துகின்றோம்.

இனி, எம் நெஞ்சை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. ஜி.எஸ்.டி.யின் புறத்தே, மாநிலத்தின் விற்பனை வரிக்கென இன்றும் நிற்பன ஒரு சிலவே. 1938-இல் முதல் வழக்கிற்கு இலக்கான பெட்ரோல் அவற்றுள் ஒன்று. மற்றொன்று மக்கள் அருந்தும் மது. மதுவின் வருவாயைத் துறக்கும்பொருட்டு இராஜாஜி விற்பனை வரியைக் கொணர்ந்தார். இன்று அவ்விற்பனை வரியே மதுவின்மேல் விதிக்கப்பட்டு அரசின் கருவூலத்தை நிரப்புகின்றது. நம் முன்னோர் மனம் நொந்து பேரேட்டைத் திறந்து காட்டிச் செலுத்திய எட்டணா எதன்பொருட்டு என்பதை நாடு மறந்துவிட்டது.

பொருளை ஈட்டுதலோடு அதனைக் காத்தலையும் தக்கவாறு வகுத்தலையும் சேர்த்தே அரசின் கடமையாக வள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் உரைத்தார். ஈட்டுதலில் அரசுக்கு நாம் பிழையின்றித் துணை நிற்போம். வாங்குவோனிடம் வரியென்று பெற்ற பொருள் நம்முடையதன்று. கடைச் செலவுக்கும் வீட்டுத் திருமணத்திற்கும் அதனை எடுத்தாளாது, தனியே வைத்து உரிய நாளிற் செலுத்துதல் நம் மரபின் நாணயத்திற்கு அழகு. அங்ஙனம் செலுத்தியவர்க்கே அது வகுக்கப்பட்ட வழியை வினவும் உரிமையும் உண்டு. இத்திங்கள் கணக்கை முடிக்கும்போது, நம் பெரியோர் தம் பிள்ளைகளை அருகிருத்தி, அவ்விரு பத்திகளையும் சுட்டி, முதற் பத்தி எதற்காக வரையப்பட்டது என்பதை எடுத்துரைப்பாராக.